நல்ல கோழி எது?

கொல்கத்தா நகரில் அலிப்பூர் என்று ஓர் இடம் இருக்கிறது. 1876-ஆம் ஆண்டில் திறந்த பெரிய உயிரியல் பூங்கா அங்கேதான் உள்ளது. வெளியூரிலிருந்து போகிறவர்கள் புலியையும் யானையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தெற்கு 24 பர்கானா என்னும் மாவட்டத்துக்குத் தலைமையிடமும் அலிப்பூர்தான். அந்த மாவட்டம் கொல்கத்தாவின் ஓரத்தில் தொடங்குகிறது. சுந்தரவனக் காடும் கடலும் வரை நீள்கிறது.

அங்கே கிராமங்களில் வீட்டுக்கு வீடு குளம் உண்டு. குளத்தில் வாத்து நீந்தும். முற்றத்தில் கோழி மேயும். அவற்றை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். முட்டை விற்ற காசு, கோழி விற்ற காசு அவர்கள் கைக்காசு. பிள்ளைக்கு நோட்டு வாங்க, மருந்து வாங்க அதுதான் உதவும். நம் ஊரிலும் இதே கதைதான்.

அங்கே வாரச் சந்தையை 'ஹாட்' என்பார்கள். கோழி வியாபாரியை 'பைக்கார்' என்பார்கள். பைக்கார் வீடு வீடாகப் போய்க் கோழி வாங்குவார். மூங்கில் கூடையில் அடைத்துச் சைக்கிளில் கட்டுவார். சந்தைக்குக் கொண்டு போவார். பத்து வீட்டுக் கோழி ஒரே கூடையில் இருக்கும்.

2008-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் மேற்கு வங்காளத்தில் பறவைக் காய்ச்சல் வந்தது. முதலில் பீர்பூம் மாவட்டத்திலும் தெற்கு தினாஜ்பூர் மாவட்டத்திலும் அது உறுதியானது. செத்த கோழிகளின் மாதிரி போபால் நகரில் உள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போனது. சோதனை முடிவு வந்ததும் கோழிகளை அழிக்கும் வேலை தொடங்கியது. சில வாரங்களுக்குள் மாநிலத்தின் பாதிக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் நோய் பரவிவிட்டது. தெற்கு 24 பர்கானாவும் தப்பவில்லை. 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளும் வாத்துகளும் கொல்லப்பட்டன. நல்ல வேளையாக மனிதர் யாருக்கும் அப்போது அங்கே அந்த நோய் உறுதியாகவில்லை.

பல ஊர்களில் செத்த கோழிகளைக் குளத்தில் வீசினார்கள். அரசு ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் சிலர் கோழிகளை ஒளித்து வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கைக்காசு முழுதும் அந்தக் கோழிதானே! ஆனால் நோய் ஊர்விட்டு ஊர் போக இவையெல்லாம் வழிதான். நோய்க் கோழியை மலிவாக விற்பதும் ஒரு வழி. அதை மலிவு என்று வாங்குவது இன்னொரு வழி. வாங்குகிறவர் கண் திறந்து பார்த்தால் அந்த ஒரு வழியையாவது அடைக்கலாம்.

பறவைக் காய்ச்சல் எப்போதோ வருவது. நம் ஊர்க் கோழிகளை அடிக்கடி கொல்வது வேறு நோய். அதைக் கோழிக் கழிச்சல் என்கிறோம். வெள்ளைக் கழிச்சல் என்றும் சொல்வார்கள். ராணிக்கெட் நோய் என்பது அதன் இன்னொரு பெயர். ராணிக்கெட் என்பது இமயமலையில் உள்ள ஓர் ஊர். இன்று உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கிறது. இந்தியாவில் 1927-இல் அங்கேதான் இந்த நோயைக் கண்டறிந்தார்கள். ஊர் அழகான ஊர். பாவம், கோழி நோயால் அதன் பெயர் நாடெங்கும் தெரிந்துவிட்டது.

தடுப்பு மருந்து போடாத கோழிக் கூட்டத்தில் இந்த நோய் புகுந்தால் பெரும்பாலான கோழிகள் செத்துவிடும். எங்கிருந்து புகும்? பல நேரம் சந்தையில் வாங்கிய ஒரு புதுக் கோழியோடுதான் வீட்டுக்குள் வரும்.

சந்தையில் என்ன பார்க்க வேண்டும்?

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் வியாழக்கிழமை தோறும் சந்தை கூடும். ஆட்டுக்கும் கோழிக்கும் பெயர் போன சந்தை அது. அங்கே ஓர் அத்தையும் அவர் அண்ணன் மகளும் கோழி வாங்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விடிந்தும் விடியாத நேரம். அண்ணன் மகளுக்குத் தூக்கம் கலையவில்லை.

"ஏன் அத்தை இவ்வளவு சீக்கிரம்? பத்து மணிக்கு வந்தால் விலை குறையுமே!"

"வெயில் ஏறினால் எல்லாக் கோழியும் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் தாயி. எது நோய்க் கோழி, எது வெயிலுக்கு வாய் பிளக்கிற கோழி என்று அப்புறம் எப்படிப் பிரித்துப் பார்ப்பாய்?"

அத்தை சொல்வது சரிதான். கோழிக்கு வியர்வை கிடையாது. அதன் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். வெயிலில் வாயைத் திறந்து மூச்சு விட்டுத்தான் அது சூட்டைத் தணிக்கிறது. அதே கோழி குளிர்ந்த காலை வேளையில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நோய் என்று அறியலாம்.

அண்ணன் மகள் நேராகக் கூடைப் பக்கம் போனாள். பெரிய கோழி ஒன்றைப் பிடிக்கக் கை நீட்டினாள். அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"தொடாதே. தள்ளி நில்லு. முதலில் சும்மா பாரு."

இதுதான் முக்கியமான பாடம். கோழி தன் நோயை மறைக்கும். கூட்டத்தில் ஒன்று சோர்ந்தால் மற்றவை அதைக் கொத்தும். பருந்தும் நாயும் சோர்ந்ததைத்தான் குறி வைக்கும். அதனால் ஆள் கிட்டே வந்தால் நோய்க் கோழியும் தலையை நிமிர்த்தும். கையில் பிடித்தால் சிறகடித்துத் துள்ளும். "பாருங்கள், என்ன துடிப்பு!" என்பார் வியாபாரி. தள்ளி நின்று கொஞ்ச நேரம் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நல்ல கோழி சும்மா இருக்காது. தலையை அங்கும் இங்கும் திருப்பும். தரையைக் கிளறும். பக்கத்துக் கோழியைக் கொத்தும். நோய்க் கோழி தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு நிற்கும். இறகைச் சிலிர்த்துப் பந்து போல உட்கார்ந்திருக்கும். கண் பாதி மூடியிருக்கும். இறக்கை தொங்கும். வால் கீழே சாயும்.

ஒரு கோழியை மட்டும் பார்க்காதீர்கள். கூடை முழுவதையும் பாருங்கள். பத்துக் கோழியில் ஒன்பது நன்றாக இருக்கின்றன, ஒன்று தூங்கி வழிகிறது என்றால் அந்த ஒன்பதையும் வாங்க வேண்டாம். நோய்க் கிருமி உடம்பில் ஏறிச் சில நாள் கழித்துத்தான் அடையாளம் தெரியும். இன்று துள்ளுகிற கோழி ஐந்தாம் நாள் உங்கள் வீட்டில் சுருண்டு விழலாம்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். குனிந்து கேளுங்கள். தும்மல், கரகர என்ற சத்தம், விசில் போன்ற மூச்சு கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

பிறகு கூடையின் அடியைப் பாருங்கள். அங்கே எச்சம் கிடக்கும். கோழி சிறுநீர் தனியாகக் கழிப்பதில்லை. அதனால் நல்ல எச்சத்திலும் மேலே வெள்ளையாக ஒரு பூச்சு இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பழுப்பாக, பசை போல, நாற்றத்தோடு ஓர் எச்சமும் நடுநடுவே வரும். அதுவும் இயல்புதான். நீராகப் பச்சையும் வெள்ளையும் கலந்து ஒழுகினால் கழிச்சல் நோய் என்று சந்தேகப்படுங்கள். எச்சத்தில் இரத்தம் இருந்தால் இரத்தக் கழிச்சல். குஞ்சுகளையும் இளங்கோழிகளையும் அது அதிகம் தாக்கும்.

இங்கே ஒரு சங்கதி. நேற்றிலிருந்து தீனி இல்லாமல் கூடையில் கிடக்கும் கோழிக்கும் எச்சம் பச்சையாகப் போகும். ஆகவே எச்சத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கொஞ்சம் தானியம் தூவச் சொல்லுங்கள். பட்டினிக் கோழி பாய்ந்து வந்து கொத்தும். நோய்க் கோழி பார்த்துக்கொண்டே நிற்கும்.

இனிக் கையில் எடுக்கலாம்.

"தம்பி, அந்தச் செவலைப் பெட்டையின் காலை அவிழ்த்துத் தரையில் விடுப்பா" என்றார் அத்தை.

"ஓடிப்போச்சுன்னா யாரும்மா பிடிக்கிறது?"

"ஓடினால் நல்லதுதானே! ஒரு காலில் கயிறு கட்டிப் பிடித்துக்கொள். நடக்கிறதா பார்க்க வேண்டும்."

கால் கட்டிய கோழி எல்லாம் ஒன்று போலத்தான் கிடக்கும். நொண்டியும் தெரியாது, வாதமும் தெரியாது. நடக்க விட்டால் தெரிந்துவிடும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் இழுத்தால், கழுத்து ஒரு பக்கம் முறுக்கினால் வேண்டாம்.

பிறகு இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்துக் கோழியைத் தூக்குங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். கோழிக்குத் துன்பம். மூச்சும் திணறும்.

முதலில் நெஞ்சு. நடுவில் ஓர் எலும்பு ஓடும். அதைத் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் சதை இருந்தால் நல்லது. எலும்பு கத்தி முனை போலத் துருத்தி நின்றால் கோழி பல நாளாக மெலிந்து வருகிறது. குடற்புழு இருக்கலாம், வேறு நோயும் இருக்கலாம். இறகு அடர்ந்த கோழி பார்வைக்குப் பருமனாகத் தெரியும். கை வைத்தால்தான் மெலிவு தெரியும்.

கழுத்துக்குக் கீழே இரை தங்கும் பை இருக்கிறது. அதையும் தொடுங்கள். காலையில் அது காலியாக அல்லது மெத்தென்று இருக்க வேண்டும். கல் போல் இறுகி இருந்தால் இரை செரிக்கவில்லை. தளதளவென்று நீர் நிறைந்து, வாயில் புளிப்பு நாற்றம் வந்தால் நோய். எடை போட்டு விற்கும் இடத்தில் பை புடைத்திருந்தால் இன்னொன்றும் யோசியுங்கள். எடை கூடுவதற்காக இரையைத் திணித்து வைப்பவர்களும் உண்டு. கோழி விலை கொடுத்துச் சோளம் வாங்க வேண்டாமே!

முகத்தைப் பாருங்கள். கண் வட்டமாக, தெளிவாக இருக்க வேண்டும். கண்ணில் நுரை, பீளை, முகத்தில் வீக்கம், மூக்கில் நாற்றமுள்ள சளி இருந்தால் சளி நோய். அலகைத் திறந்து உள்ளே பாருங்கள். மஞ்சள் நிறத்தில் தயிர்க்கட்டி போல ஒட்டியிருந்தால் அம்மை உள்ளே இறங்கியிருக்கலாம். கொண்டையிலும் தாடியிலும் மரு போன்ற கொப்புளமும் கருத்த பொருக்கும் அம்மையின் அடையாளம். கொசு கடித்தும் இது பரவும்.

கொண்டை நல்ல சிவப்பாக இருந்தால் மகிழ்ச்சி. நீலம் பாய்ந்து கறுத்திருந்தால் கை வைக்காதீர்கள். வெளிறிய கொண்டையைக் கண்டதும் நோய் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிக்கும் அடைக்கோழிக்கும் கொண்டை வெளிறித்தான் இருக்கும். இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும் கோழியும் அப்படியே. அதன் கழுத்தும் முதுகும் அசிங்கமாகத் தெரியும். விலையும் குறையும். அது நோயில்லை. விவரம் தெரிந்தவர்கள் அந்தக் கோழியைத் தைரியமாக வாங்குவார்கள்.

வால் பக்கம் பாருங்கள். எச்சம் போகும் இடத்தைச் சுற்றி இறகு சுத்தமாக இருக்க வேண்டும். எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் கழிச்சல். அங்கேயே இறகை விலக்கிப் பாருங்கள். பேன் ஓடும். இறகின் அடியில் ஈறு கொத்தாக ஒட்டியிருக்கும். காலில் செதில் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசியது போல இருந்தால் செதில் பூச்சி. இவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆனால் கோழி வைத்திருந்தவர் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று தெரிகிறது அல்லவா?

முட்டைக்கு வாங்குகிறவர்கள் ஒன்று கூடுதலாகப் பார்க்கலாம். பெட்டையின் பின்புறம் இரண்டு எலும்பு முனைகள் கைக்குத் தட்டும். இரண்டுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைந்தால் அது முட்டையிடும் கோழி. ஒரு விரல்கூட நுழையாவிட்டால் இப்போது முட்டையிடவில்லை. காலின் செதில் வழவழப்பாக இருந்தால் இளசு. சொரசொரப்பாக, தடித்து இருந்தால் வயதானது. சேவலுக்குக் காலில் உள்ள முள்ளின் நீளமே வயதைச் சொல்லும்.

கறிக்கடையில் உயிரோடு வாங்குகிறவர்களுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். கறிக்கோழி கனமானது. அதிகம் உட்கார்ந்தே இருக்கும். அதை நோய் என்று எண்ண வேண்டாம். கண்ணையும் மூச்சையும் பாருங்கள்.

விலை பேசும்போது

அத்தை செவலைப் பெட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. வியாபாரி இன்னொரு கூடையைக் காட்டினார்.

"இதைப் பாருங்கம்மா. நாலும் சேர்த்துப் பாதி விலைக்குத் தர்றேன்."

அண்ணன் மகளின் கண் விரிந்தது. அத்தை கேட்டார்:

"எந்த ஊர்க் கோழி தம்பி? ஏன் விற்றார்கள்?"

வியாபாரி பதில் சொல்லாமல் தலையைச் சொறிந்தார்.

ஊரில் கழிச்சல் நுழைந்ததும் பலர் என்ன செய்கிறார்கள்? சாவதற்குள் விற்றுவிடுவோம் என்று மிச்சக் கோழிகளைக் கூடையில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் கோழிதான் பாதி விலைக்கு வரும். எந்த ஊர், எத்தனை நாளாகக் கூடையில் இருக்கிறது, தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. முடிந்தால் தெரிந்தவர் வீட்டு முற்றத்திலேயே போய் வாங்குங்கள். அங்கே மற்றக் கோழிகளையும் பார்க்கலாம்.

நம் வீட்டில் நோய் வந்தால் நாமும் விற்கக் கூடாது. நாம் கூடையில் ஏற்றிய கோழி இன்னொருத்தியின் முற்றத்தைக் காலி செய்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

எவ்வளவு நன்றாகப் பார்த்து வாங்கினாலும் உள்ளே இருக்கும் கிருமி கண்ணுக்குத் தெரியாது. அதனால் புதுக் கோழியை நேராகப் பழைய கோழிகளோடு விடாதீர்கள். மூன்று வாரம் தனியாக வையுங்கள். ஒரு பஞ்சாரத்தைக் கவிழ்த்து, வீட்டின் மறு பக்கத்தில் வைத்தால் போதும். தனித் தண்ணீர்ச் சட்டி வேண்டும். முதலில் பழைய கோழிக்குத் தீனி போடுங்கள். கடைசியில் புதுக் கோழிக்குப் போடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சந்தைக்குப் போட்டுப்போன செருப்பையும் கழுவுங்கள். எச்சம் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும்.

இந்த மூன்று வாரத்தில் குடற்புழு மருந்து கொடுக்கலாம். கழிச்சலுக்குத் தடுப்பு மருந்தும் போடலாம். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடுவார்கள். எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி போடுவார்கள். மறுபடி எப்போது என்று கால்நடை மருத்துவர் சொல்வார். தமிழ்நாட்டில் பிப்ரவரி மாதம் கால்நடைத் துறை ஊர் ஊராக முகாம் நடத்துவது வழக்கம். அப்போது எல்லாக் கோழியையும் கொண்டு போங்கள். அந்த மருந்து பனிக்கட்டியில் இருக்க வேண்டும். சூடு பட்டால் கெட்டுவிடும். இன்னொன்று, அது நோயைத் தடுக்கும் மருந்து. வந்த நோயைத் தீர்க்காது. போட்ட அன்றே காப்பாற்றவும் செய்யாது. பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும்.

கோழிகள் திடீரென்று அடுத்தடுத்துச் செத்தால், தலை வீங்கிக் கொண்டை நீலமானால், கழிச்சலா பறவைக் காய்ச்சலா என்று நம்மால் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். அறுக்கவும் வேண்டாம், தின்னவும் வேண்டாம். குளத்திலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். தண்ணீர் வழியாக வாத்துக்கும் அடுத்த ஊருக்கும் நோய் போகும். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். எப்படிப் புதைப்பது என்று அவர்கள் காட்டுவார்கள்.

அத்தை செவலைப் பெட்டையை மட்டும் சொன்ன விலைக்குப் பக்கமாகக் கொடுத்து வாங்கினார். வழியெல்லாம் அண்ணன் மகள் அந்த நாலு கோழியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

கணக்குப் போடுங்கள்

ஒரு பெட்டைக் கோழி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மலிவு என்று 250 ரூபாய்க்கு ஒரு கோழி வாங்கினார். அது நோய்க் கோழி. அவர் வீட்டில் ஏற்கெனவே 9 பெட்டைகள் இருந்தன. பத்தும் செத்தன. அவர் மிச்சம் பிடித்தது எவ்வளவு? இழந்தது எவ்வளவு?

பேசுங்கள்

உங்கள் ஊரில் கடைசியாக எந்த மாதம் கழிச்சல் வந்தது? முதலில் யார் வீட்டில் வந்தது? அதற்கு முன் அந்த வீட்டுக்குப் புதுக் கோழி வந்ததா?